பச்சைக் கோடு

ஈரப்பெட்டியின் மூடி டக்கென்று பொருந்தியது. இனி ஒரு மணி நேரத்துக்குச் செய்ய ஒன்றுமில்லை. உலகம்மை கையுறைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள், உட்கார்ந்தவள் எழுந்துபோய் டைமரை அழுத்தினோமா என்று பார்த்தாள், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, திரும்பி வந்து உட்கார்ந்தாள். பெட்டி என்றால் பெரிய கருவி ஒன்றுமில்லை. போன தீபாவளிக்கு யாரோ மைசூர்பாகு கொண்டுவந்த பிளாஸ்டிக் டப்பா. அடியில் நனைத்த டிஷ்யூ, அதன்மேல் இரண்டு கண்ணாடிக் குச்சிகள், குச்சிகளின் மேல் படுத்திருக்கும் ஸ்லைடு, வெளிச்சம் புகாமல் சுற்றிலும் அலுமினியத் தாள். இருபது வருஷம் கிளாஸ்கோவில் விலை உயர்ந்த கறுப்புப் பெட்டிகளை வைத்து வேலை செய்தவளுக்கு, கோயம்புத்தூர் வந்து சேர்ந்த புதிதில் இந்த டப்பாவைப் பார்த்தால் சிரிப்பு வரும், இப்போது இதைத் திறக்கும்போதெல்லாம் மூக்கு தன்னையறியாமல் நெய் வாசனையைத் தேடுகிறது, வருவதென்னவோ ஈரத்தாளின் வாசனைதான். உள்ளே இருக்கும் ஸ்லைடின் ஓரத்தில் ஆய்வு மாணவி நஸ்ரின் தன் குண்டுக் கையெழுத்தில் பென்சிலால் 'நார்மல்' என்று எழுதியிருக்கிறாள். நோயில்லாத தோல், மற்ற தோல்களை அளந்து பார்ப்பதற்கான தோல். புதிதாக வந்திருக்கும் ஆன்டிபாடியை நோயாளிகளின் தோலில் போடுவதற்கு முன்னால் நல்ல தோல் ஒன்றில் போட்டுப் பார்த்துவிட வேண்டும், எல்லா ஆய்வகத்திலும் உள்ள வழக்கம். அந்த நல்ல தோல் உலகம்மையுடையது. இடது மேல்கையின் உள்பக்கத்திலிருந்து மிளகு அளவுக்குத் தோண்டி எடுத்தது. தையல் பிரித்தாயிற்று, இப்போது அந்த இடம் அரிக்கிறது. அரித்தால் ஆறுகிறது என்று அர்த்தம். புதுப்புண்ணில் மூன்றாம் வகைக் கொலாஜன் என்னும் புரத நார் அவசர அவசரமாக ஓடிவந்து வலை பின்னும், மாதங்கள் போகப்போக அதைப் பிரித்துப் போட்டுவிட்டு முதலாம் வகை நிதானமாகக் கயிறு திரிக்கும், வடு இறுகும். அதைத்தான் அவள் இருபது வருஷமாகப் படித்தாள். எலியின் வடு, பன்றியின் வடு, தீக்காயம் பட்ட மனிதர்களின் வடு. முதலாம் வகை, மூன்றாம் வகை, ஐந்தாம் வகைகூட. நாலாம் வகையை மட்டும் தொடவில்லை. ஏன் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. ஒரு தெருவிலேயே குடியிருந்துகொண்டு ஒரு வீட்டு வாசலை மட்டும் ஏறிட்டுப் பார்க்காமல் நடக்கிறவளை, யார் கவனித்து வைத்திருப்பார்கள்.

இப்போது அந்த நாலாம் வகைதான் டப்பாவுக்குள். தோலின் மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் நடுவே ஒரு விரிப்பு, சல்லாத்துணி மாதிரி, நாலாம் வகைக் கொலாஜனால் நெய்தது. அதே சல்லா சிறுநீரகத்தில் வடிகட்டியாக இருக்கிறது, காதுக்குள் இருக்கிறது, கண்ணுக்குள்ளும் இருக்கிறது. அதை நெய்கிற இழைகளில் இரண்டை இந்த ஆன்டிபாடிக் கலவை அடையாளம் கண்டுகொள்ளும். ஓர் இழை எல்லோருக்கும் உண்டு, அதற்குச் சிவப்புச் சாயம். இன்னோர் இழைக்குப் பச்சை. அந்தப் பச்சை சிலருக்குப் பிறப்பிலேயே கிடையாது, சிறுநீரகமும் காதும் கெட்டுப்போகிற நோய் அது. ஆண்பிள்ளையாக இருந்தால் சுத்தமாகக் கிடையாது. அப்படியொரு பிள்ளையைப் பெறக்கூடிய பெண்ணாக இருந்தால் இருக்கும், ஆனால் விட்டு விட்டு இருக்கும், கொஞ்ச தூரம் பச்சை, கொஞ்ச தூரம் ஒன்றுமில்லை, மறுபடி பச்சை, ஜரிகை உதிர்ந்த பழைய சேலைக் கரை மாதிரி. ஒரு மணி நேரம் கழித்துத் தெரிந்துவிடும். தம்பி கோமுவுக்கு இல்லாமல் போன இழை அவன் அக்காவுக்கு முழுசாக இருக்கிறதா, விட்டு விட்டு இருக்கிறதா என்று நாற்பத்தெட்டு வயதில் தெரிந்துவிடும். தெரிந்து என்ன செய்ய? அதுதான். அதுதான் கேள்வி. இருபது வயதில் தெரிந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம், முப்பதில் தெரிந்திருந்தால் ஒருத்தனுக்குப் பதில் சொல்லியிருக்கலாம். உலகம்மை எழுந்து டைமரைப் பார்த்தாள். அப்போது பார்த்ததற்கும் இப்போதைக்கும் பெரிய வித்தியாசமில்லை.

டப்பாவுக்குள் அந்த ஆன்டிபாடி என்ன செய்துகொண்டிருக்கும்? பத்தாம் வகுப்புவரை தமிழில் படித்தவள் அவள், எதிர்ப்பொருள் என்று பாடப்புத்தகத்தில் இருந்தது, எதிர்ப்பொருள் என்றால் ஏதோ சண்டைக்காரன் மாதிரி இருக்கிறது, பிற்பாடு ஆங்கிலத்தில் படித்தபோதும் அதே சண்டைதான், எதிரி, தாக்குதல், காவல். இத்தனை வருஷம் கையில் வைத்துப் பழகியதில் அவளுக்குத் தெரிந்தது, இதற்குத் தேடத்தான் தெரியும். எங்கேயோ ஒரு பெண்ணெலியின் உடம்புக்குள் அந்த இழையின் துண்டைச் செலுத்தி, இதுதான், பார்த்து வைத்துக்கொள் என்று காட்டியிருப்பார்கள். எலி செத்து எவ்வளவோ காலம் ஆகியிருக்கும். ஆனால் அதன் உயிரணு ஒன்றை, சாகத் தெரியாத ஒரு புற்றணுவோடு சேர்த்து வைத்துவிட்டார்கள், அந்தச் சம்பந்தம் ஏதோ ஓர் ஊரில் ஒரு குடுவைக்குள் இன்னமும் பெருகிக்கொண்டிருக்கிறது, இன்னமும் அதே ஆன்டிபாடியைச் சுரந்துகொண்டிருக்கிறது. தேடியவள் போய்விட்டாள், தேட்டம் மட்டும் பாட்டில் பாட்டிலாக ஊர் ஊராகப் போகிறது. ஐஸ் பெட்டியில் ஏறி, விமானத்தில் வந்து, இந்த அவினாசி ரோட்டு மேம்பாலத்து நெரிசலில் நின்று, கூரியர்க்காரன் கையால் வந்து சேர்ந்து, யாரோ ஒரு தென்காசிக்காரியின் தோலில் இறங்கித் தான் எப்போதோ பார்த்த ஒரே முகத்தைத் தேடுகிறது. கண்டுவிட்டால் ஒட்டிக்கொள்ளும், கழுவினாலும் போகாது. காணாவிட்டால் கழுவுகிற தண்ணீரோடு போய்விடும், ஒரு புகாரும் இல்லாமல். அப்படிப் போகத் தெரிய வேண்டும். நமக்குத் தெரிவதில்லை. கழுவிக் கழுவி ஊற்றியும் கோமு போகவில்லை, பதில் கிடைக்காத தயாபரன் போகவில்லை, இரண்டு பேரும் இரண்டு விதமாகப் போனவர்கள்தான்.

ஏன் கையைத் தூக்கினாள்? அதுவே இன்னும் விளங்கவில்லை. அன்றைக்கு நஸ்ரின் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் சுற்றி வளைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள், நார்மல் தோல் வேணும், யாராவது தர்மம் பண்ணுங்க, மிளகு சைஸ்தான், தோல் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுப்பார். நஸ்ரினோடு ஆய்வு செய்யும் கவின் முழுக்கைச் சட்டையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். "எனக்குப் பொண்ணு பாத்துட்டு இருக்காங்க. உடம்புல வடு இருந்தா பொண்ணு வீட்டுல என்ன ஏதுன்னு கேப்பாங்க." "உன் அக்குள் பக்கம் பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு என்னடா வேலை?" என்றாள் நஸ்ரின், டிபன் பாக்ஸ்கள் குலுங்கச் சிரித்தார்கள். "அப்ப நீயே குடுக்க வேண்டியதுதானே?" "எனக்கு ஊசின்னாலே தலை சுத்தும். ரத்தம் பாத்தா விழுந்துருவேன். அதுக்குத்தான் எங்க வாப்பா டாக்டருக்குப் படின்னு சொல்லியும் இதுக்கு வந்தேன்." அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் உலகம்மையின் கை மேலே போய்விட்டது, பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்த பிள்ளை தூக்குகிற மாதிரி. நான் தரேன். "மேம், நீங்களா?" என்று நஸ்ரினுக்கு வாயெல்லாம் பல். வாய் வரைக்கும் வந்தது, என்னுடையது நார்மல்தானா என்று எனக்கே தெரியாது, எங்கள் வீட்டில் ஒருத்தன் இருந்தான் என்று. சொல்லவில்லை. நாற்பத்தெட்டு வயது வரை ஒரு சொட்டு மூத்திரத்தை எந்தப் பரிசோதனைக்கும் கொடுக்காமல் தப்பித்துக்கொண்டு வந்தவள், மரபணுச் சோதனை வீட்டு வாசலுக்கே வந்த காலத்திலும் கதவைத் திறக்காதவள், சாப்பாட்டு மேஜையில் சிரிப்புக்கு நடுவில் கையைத் தூக்கிவிட்டாள். தினமும் காலையில் கக்கூஸில் தண்ணீரை இழுத்துவிடும் முன்னால் ஒரு கணம் குனிந்து நிறத்தைப் பார்க்கிற பழக்கம் மட்டும் இருபது வயதிலிருந்து உண்டு. கிளாஸ்கோவில், லண்டன் ரயிலில், விமானத்தில், எங்கே போனாலும் உண்டு. ஒரு நாளும் தேயிலை நிறம் வந்ததில்லை. வராததால் ஒன்றும் நிரூபணமாகிவிடாது, அதுவும் தெரியும், கண்ணுக்குத் தெரியாமல் போகிற ரத்தமும் உண்டு.

கோமுவுக்குத் தெரிகிற மாதிரியே போயிற்று. கோமதிநாயகம் என்று முழுப்பெயர், வீட்டில் கோமு. சளி பிடித்தால் போதும், எக்கா, டீ மாதிரி போகுது என்று பின்கட்டிலிருந்து கத்துவான், சிரித்துக்கொண்டே கத்துவான், அவனுக்கு அது ஒரு வித்தை மாதிரி. அப்புறம் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், திமிர் பிடிச்ச பய என்று அப்பா முதுகில் ஒன்று வைத்தார், வைத்த கையை அப்புறம் வெகு நாளைக்கு அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். காதில் மிஷின் வந்தது. கண்ணாடி வந்தது. கல்லூரிக்குப் போகிற வயதில் வாரத்துக்கு இரண்டு தடவை திருநெல்வேலிக்குப் போய் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு வந்தான், பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே ஓடும் போர்டுகளை எல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டு வருவான், தன் குரல் எவ்வளவு சத்தம் என்று அவனுக்குத் தெரியாது, பஸ்ஸே திரும்பிப் பார்க்கும், "ஏலே மெதுவா" என்று அவள் அவன் கையைக் கிள்ளுவாள். அந்தக் கையின் தோல். அதை நினைத்தால்தான் தாங்கவில்லை, அந்தத் தோலில் இந்தப் பச்சை ஓர் இழைகூட இருந்திருக்காது, கிள்ளிய இடத்தில் சிவப்பு மட்டும். எம்.எஸ்ஸி. படிக்கும்போது நூலகத்தில் நின்றபடியே அந்த நோயின் பக்கத்தைப் படித்தாள், தாய் வழியாக மகனுக்கு, மகளுக்கு வந்தால் வெளியே தெரியாமல் அவள் வழியாக அடுத்த மகனுக்கு, வருவதும் வராததும் பூவா தலையா போடுகிற மாதிரி. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவள் வெளியே வந்தபோது வெயில் அப்படி அடித்தது. அவள் கிளாஸ்கோவுக்குப் போன மறு வருஷம் கோமு போய்விட்டான், இருபத்து நான்கு வயது, அவள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பத்தாம் நாள் அடுக்களையில் பெரியம்மா யாரிடமோ, "நம்ம வம்சத்துலயே இல்லாத சீக்கு, இவ வயித்துல வந்துருக்கு பாத்துக்கோ" என்றாள், மெதுவாகத்தான் சொன்னாள், அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள், கேட்டது, கஞ்சி வடிந்து முடிகிற வரைக்கும் பானையைச் சாய்த்தபடியே நின்றுவிட்டு நிமிர்த்தி மூடி வைத்தாள். அந்த முதுகு. இப்படியொரு வார்த்தை தன் முதுகில் விழக்கூடாது என்று உலகம்மை அன்றைக்குத் தீர்மானித்தாள், தீர்மானித்தது கூடத் தெரியாமல் தீர்மானித்தாள்.

"மேம், டீ," என்று நஸ்ரின் கதவைத் தோளால் தள்ளித் தலையை மட்டும் நீட்டினாள், லேபுக்குள்ளே டீ கொண்டுவரக் கூடாது, வெளியே வாங்க. வேண்டாம்மா, நீ குடி. "என்ன மேம், பரீட்சை ரிசல்ட்டுக்கு உக்காந்திருக்கற மாதிரி உக்காந்திருக்கீங்க? அதெல்லாம் சூப்பரா வரும். உங்க கைராசி." கதவு மூடிக்கொண்டது. கைராசி. தயாபரனும் அப்படி ஏதோ சொல்வான், உமக்குக் கை ராசி இல்லை உலகம், கண் ராசி. நுண்ணோக்கி அறை அவன் பொறுப்பில் இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரன், சின்ன வயதில் தாயோடு அங்கே வந்து சேர்ந்தவன், இயற்பியல் படித்துவிட்டு அந்த இருட்டறையில் லென்ஸ்களைத் துடைத்துக்கொண்டு கிடந்தான். யார் ஸ்லைடோடு வந்தாலும் விளக்கை அணைத்துவிட்டு உடனே பார்க்க விட மாட்டான், சும்மா உட்கார வைப்பான். "பொறும். கண் பழகட்டும்." வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு மங்கலான ஒளி ஒன்றும் தெரியாது, இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள், இருக்கும், பொறுத்தால் தெரியும் என்பான். அந்தப் பொறுத்திருக்கிற நேரத்தில்தான் அவர்கள் பேசினார்கள். அந்த ஊர் மழைக்கும் குளிருக்கும் நடுவில் தமிழ் பேசுவதற்கு என்று அவளுக்கு இருந்த ஒரே இடம் அந்த இருட்டு, ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது, குரல் மட்டும். "நீர் 'வாரேன்' எண்டு சொல்லேக்க, வாறீரோ போறீரோ எண்டு எனக்கு விளங்குறேல்லை." எங்க ஊர்ல போறதுக்கும் வாரேன்னுதான் சொல்லுவோம். "அப்ப நீர் போனாலும் நான் வாறீர் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கலாம்." அப்போது அதற்குச் சிரித்தாள். ஒரு நாள் அதே இருட்டில் கேட்டான், கல்யாணம் செய்வமா என்று, லென்ஸை மாற்றவா என்று கேட்கிற குரலில். அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனான், "மூண்டு பிள்ளையள். ஒண்டு உம்மட மூக்கோட, ஒண்டு என்ர காதோட, மூண்டாவதை அதின்ர விருப்பத்துக்கு விடுவம்."

என்ர காதோட. அந்த ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டது. மூக்கோடு நிறுத்தியிருக்கலாம். காது என்றதும் மிஷின் மாட்டிய சின்னக் காது ஒன்று இருட்டில் தெரிந்தது, தயாபரன் சாயலில் ஒரு பயல், பஸ் ஜன்னலோரம், தன் குரலின் சத்தம் தெரியாமல் போர்டு படித்துக்கொண்டு. எனக்குப் பிள்ளைங்க பிடிக்காது என்றாள். "பொய்," என்றான். பிடிக்காது தயா. "உலகம், உமக்கு என்னப்பா நடந்தது? ஏன் ஒண்டும் சொல்லுறீர் இல்லை?" சொல்லியிருக்கலாம். நாலு வாக்கியம். ஆங்கிலத்திலாவது சொல்லியிருக்கலாம், ஆங்கிலத்தில் எல்லா நோய்க்கும் சுத்தமான பெயர் இருக்கிறது. ஆனால் சொன்னால் அம்மாவின் முதுகைக் கொண்டுவந்து அந்த அறையில் நிறுத்த வேண்டும், ஒரு வேற்று ஆள் அதைப் பார்ப்பான், பார்த்துப் பாவம் என்பான். வாரங்கள் கழித்து அவனே வந்து சொன்னான், இந்த முறை வெளிச்சத்தில், கன்டீன் வரிசையில் தட்டோடு நின்றுகொண்டு, "சரி. பிள்ளை வேண்டாம். நீர் வேணும்." அதற்கும் அவள் தலையாட்டவில்லை. இன்றைக்கு அப்படித்தான் சொல்வான், பத்து வருஷம் கழித்து அடுத்தவர் பிள்ளையைப் பார்க்கிற பார்வையில் தெரியும் என்று நினைத்தாள், அவனுக்காக அவளே நினைத்து அவளே முடித்தும் விட்டாள். அப்புறம் அவன் டொரன்டோ போய்விட்டான், கல்யாணம், இரண்டு பிள்ளைகள், யாரோ போனில் படம் காட்டினார்கள், சின்னவனுக்கு அப்பாவின் காது. நல்ல காது. எதையும் தவறவிடாத காதாக இருக்கும். படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அன்று முழுக்க அவள் பன்றித் தோல் வெட்டிக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு சீவலும் கண்ணாடியில் அலுங்காமல் வந்து படிந்தது, அவ்வளவு அழகாக அவளுக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

போன் அதிர்ந்தது. அம்மா. தென்காசியில் இந்நேரம் சாப்பிட்டுப் படுத்து எழுந்திருப்பாள். "ஏட்டி உலகு, சாப்டியா?" சாப்ட்டேம்மா. "என்ன கறி?" வெண்டைக்கா. "பொய் சொல்லாத. கையில என்னமோ ஊசி போட்டம்ன்னியே, அந்தப் புண்ணு ஆறிட்டா?" ஆறிட்டு, அரிக்கி. "சொறிஞ்சிராத, தேங்கெண்ணெ வையி." மழை உண்டுமா என்று கேட்டாள், குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதாம், ஒரே கூட்டமாம், ரோட்டில் கால் வைக்க முடியவில்லையாம். "நேத்து கோமு வந்தான்ட்டி சொப்பனத்துல." ம். "காதுல மிஷின் இல்ல. ஆனா நாஞ் சொன்னதெல்லாம் கேக்கான்." என்னம்மா சொன்ன? "என்னத்தச் சொல்லுவேன். சாப்பிட வால-ன்னேன். வந்துட்டான்." உலகம்மை போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள். "சரி வைக்கேன், பால்காரன் வந்துட்டான்." வைத்துவிட்டாள். இவ்வளவுதான் பேசுவாள். ஒரே ஒரு தடவை வேறு மாதிரி கேட்டிருக்கிறாள், கோமுவின் காரியமெல்லாம் முடிந்து மறுபடி விமானம் ஏறப் புறப்பட்ட அன்று, மதுரைக்குப் போகிற காரில், டிரைவருக்குக் கேட்காத குரலில், "உனக்கும் குடுத்துட்டேனாட்டி?" சும்மா வாம்மா என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள் உலகம்மை. அப்படிக் கேட்டதுதான் கேள்வி, அந்தச் 'சும்மா வாம்மா'தான் பதிலாகக் கிடந்தது, இருபது வருஷமாக. ஊருக்குத் திரும்பி வந்ததற்கு அம்மாவுக்கு வயசாகிறது என்று எல்லோரிடமும் காரணம் சொல்லியிருக்கிறாள், பொய்யில்லை, அதற்குள் இந்தக் கேள்வியும் இருக்கிறது, கிழவி பதில் தெரியாமல் போய்விடக் கூடாதே.

எந்தப் பதில் வேண்டும்? மனசைத் தொட்டுச் சொல். டைமரில் கொஞ்சம்தான் மிச்சம், இப்போதாவது சொல். கோடு முழுசாக இருந்தால் நல்லது, அம்மாவிடம் இல்லம்மா என்று சொல்லலாம், நஸ்ரின் கைதட்டுவாள். முழுசாக இருந்தால், அப்போது அந்தப் பஸ் ஜன்னல் பயல் வெறும் பயம். அப்போது மூன்று பிள்ளைகளும் நல்ல காதோடு இருந்திருப்பார்கள். ஒன்றுமில்லாத ஒன்றுக்காக ஒருத்தனைத் தட்டோடு வரிசையில் நிறுத்திவிட்டு வந்தவள் ஆவாள். விட்டு விட்டு இருந்தால்? இருந்தால் சரி, நான் செய்தது சரி, காரணமிருந்தது. அந்தச் சரி என்ற சொல் உள்ளே எழும்பியதும் நாக்கில் ஒரு ருசி தட்டியது, உலகம்மைக்குத் திக்கென்றது. நோய் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டா உட்கார்ந்திருக்கிறேன்? தம்பியைக் கொன்ற ஒன்று என் உடம்பிலும் இருக்கட்டும், நான் ஜெயித்ததாக இருக்கட்டும் என்றா? சீ. ஆனால் ஆசை சீ என்றதும் எழுந்து போகிற நாயா என்ன, அது அங்கேயேதான் வாலை மடக்கிப் படுத்திருக்கிறது. அதுவும் எதற்கு ஜெயிக்க வேண்டும்? பிள்ளை வேண்டாம், நீர் வேணும் என்றவனிடம் எந்தக் கோட்டைக் காட்டி எதை நிரூபிப்பாள்? முழுக் கோடோ அறுந்த கோடோ, அந்த வாக்கியத்துக்கு முன்னால் இரண்டும் செல்லாது. அவன் அன்றைக்கே கேள்வியை மாற்றிவிட்டான், அவள்தான் பழைய கேள்விக்கே பதில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். அப்படியானால் இந்த ஒரு மணி நேரம் எதற்காக? எதைத் தேடி? யாரை? டைமர் கத்தியது. அவள் அவ்வளவு பதறி எழுந்ததில் முக்காலி சாய்ந்து விழுந்தது.

கழுவ வேண்டும். மூன்று தடவை, அவசரப்படாமல். அலுமினியத் தாளை ஓரமாக விலக்கி, விளக்கை அணைத்துவிட்டு, ஸ்லைடை பஃபர் என்னும் உப்புக் கரைசலுக்குள் இறக்கினாள், ஒட்டாததெல்லாம் போகட்டும், ஒட்டியது இருக்கட்டும். ஒரு சொட்டுப் பசையை விட்டு மேலே மெல்லிய கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்து இறக்கினாள், குமிழ் விழவில்லை. நஸ்ரின் வந்துவிட்டாள், வாயில் ஏலக்காய் டீ வாசனை. இரண்டு பேரும் நுண்ணோக்கி அறைக்குள் போய்க் கறுப்புத் திரையை இழுத்துவிட்டார்கள். நஸ்ரின் உடனே நுண்ணோக்கி விளக்கின் சுவிட்சுக்குக் கையை நீட்டினாள். இரு, என்று உலகம்மை அவள் கையைப் பிடித்து நிறுத்தி, இருட்டில் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள், நஸ்ரினுக்கு மேடத்தின் இந்த வழக்கம் தெரியும், காரணம் தெரியாது. பிறகு உட்கார்ந்து கண்ணை வைத்தாள். முதலில் சிவப்பு. கோடு இருந்தது. மேடும் பள்ளமுமாக வளைந்து வளைந்து ஒரு முனையிலிருந்து மறு முனை வரை, மழைக்காலத்து ஓடைக்கரை மாதிரி, எங்கேயும் அறுபடாமல், எல்லோருக்கும் உள்ளது. பார்த்துக்கொண்டே இருந்தாள். விரல் நிறம் மாற்றும் வடிகட்டிச் சக்கரத்தின் மேல் இருந்தது. திருப்பினாள். கறுப்பு. பிறகு பச்சை, மெல்ல, இங்கே கொஞ்சம், விட்டு, அங்கே கொஞ்சம். ஓடையின் கரை பாதிக்குப் பாதி இருட்டில் கிடந்தது. சிவப்பைப் போட்டாள், இருந்தது. பச்சையைப் போட்டாள், விட்டு விட்டு. இடத்தை நகர்த்தினாள், விட்டு விட்டு. ஆக, இருக்கிறது. ஆக, சரி. அந்த ருசிக்காகக் காத்தாள், வரவில்லை. சரி என்பது ஒரு பென்சில் குறி மாதிரி எங்கேயோ விழுந்தது, அவ்வளவுதான். அவள் கண்ணை எடுக்காமல் அந்த இருட்டுத் துண்டுகளையே பார்த்தாள். பெண்ணுடம்பில் ஒவ்வோர் உயிரணுவும் இந்த இழைக்கு அப்பா கொடுத்ததையோ அம்மா கொடுத்ததையோ, ஒன்றை வைத்துத்தான் பிழைக்கிறது. பச்சை உள்ள இடமெல்லாம் அப்பா கொடுத்தது. இல்லாத இடமெல்லாம் அம்மா கொடுத்தது, கோமுவுக்குக் கொடுத்த அதே ஒன்று. அவன் உடம்பு முழுக்க எப்படி இருந்ததோ அப்படி இந்த இடம் இருக்கிறது, இந்த இடம், பிறகு இந்த இடம். கிட்டத்தட்ட ஐம்பது வருஷமாக அவள் போன ஊருக்கெல்லாம் கூட வந்திருக்கிறது. பஸ்ஸில் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து வந்த மாதிரி. சாப்பிட வால என்றால் வந்துவிடுகிற தூரத்தில்.

"மேம், நானும் பாக்கட்டுமா?" நஸ்ரின் அவள் தோளுக்கு மேலே குனிந்தாள். உலகம்மை நகர்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் சக்கரம் திரும்பும் சத்தம் மட்டும், சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை.

"அய்யய்யோ! பச்சை பாதி இடத்துல பிடிக்கவே இல்லையே மேம். ஆன்டிபாடி போயிருச்சு. வர்ற வழியில ஐஸ் உருகியிருக்கும், அன்னைக்கே பெட்டி ஈரமா இருந்துச்சு. இன்னைக்கே கம்பெனிக்குப் போன் போட்டு நாலு கேள்வி கேக்கறேன் பாருங்க."

"வேண்டாம். ஆன்டிபாடி நல்லாத்தான் இருக்கு."

"நார்மல்லயே இப்படி விட்டு விட்டு வந்தா எப்படிங்க மேம் நல்லா இருக்குன்னு..."

"அது நார்மல் இல்ல நஸ்ரின்." குரல் இருட்டில் போய்ச் சேர்வதற்கு நேரம் ஆன மாதிரி இருந்தது. "எனக்கு ஒரு தம்பி இருந்தான்."

இந்த நோயைப் பற்றியே ஆய்வு செய்கிற பெண், அவளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. நாற்காலி ஒரு தடவை கிரீச்சிட்டது. ஏலக்காய் வாசனை பக்கத்தில் வந்தது, இருட்டில் ஒரு கை தடவிக்கொண்டு வந்து உலகம்மையின் இடது மேல்கையை, புண்ணுக்குக் கீழே, பதனமாகப் பிடித்துக்கொண்டது.

"நான் பாட்டுக்கு அதுல நார்மல்னு எழுதி வெச்சுட்டேனே மேம்."

"பென்சில்தானே. அழிச்சுக்கலாம்." சிரிப்பு வந்தது உலகம்மைக்கு, அது பாதியில் வேறு ஏதோவாக ஆகிவிட்டது, மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "வேற தோலுக்கு ஆள் பாக்கணும். கவினைப் பிடி. பொண்ணு வீட்டுக்கு நான் வந்து சொல்றேன்."

"சரிங்க மேம்."

"சாயங்காலம் எங்க அம்மாகிட்டப் பேசணும். அதுக்குள்ள இதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு."

நஸ்ரின் கேமராவைத் திருகினாள். "பச்சை நல்லா விழுந்திருக்கே, இந்த ஓரத்தை எடுக்கட்டுங்களா?"

"இல்ல. விட்டுப்போன இடம் இருக்குல்ல, அதை நடுவுல வை."

நஸ்ரின் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "அங்க ஒண்ணுமே இல்லையே மேம்."

"பொறு," என்றாள் உலகம்மை. "கண் பழகட்டும்."